பன்றிக்கான தோட்டா

எங்கள் கடையில் துப்பாக்கி வாங்க வருகிறவருக்கு முதலில் கஹ்வா என்கிற அரபுக் காப்பியும் பேரீச்சம்பழமும் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் மேசைமேல் பச்சை வெல்வெட் துணியை விரித்து, துப்பாக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்துவைக்கலாம். தென்காசியில் கல்யாணப் பட்டு எடுக்க வரும் குடும்பத்தை, கலர் குடித்துவிட்டுச் சேலை பாருங்கள் என்று கடைக்காரர் உட்காரவைப்பாரே, அதேதான். ஒருவர் கையில் எடுத்துத் தூக்கிப் பார்ப்பார், தோளில் வைத்துப் பார்ப்பார், இதே மாதிரியில் மரம் இன்னும் கொஞ்சம் கருத்த நிறத்தில் உண்டா என்பார். கூட வந்த மைத்துனர் இரண்டாவது அலமாரியைக் காட்டுவார். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் போகிறவர்களும் உண்டு. அமீரகத்தின் அல் ஐனில் இந்தக் கடைக்கு நான் வந்து எட்டு வருடம் ஆகிறது. இருந்தும் அந்த வெல்வெட்டை விரிக்கும்போது ஒவ்வொரு தடவையும் எனக்கு ஊர் ஞாபகம் வரும். எங்கள் வீட்டில் துப்பாக்கி யூரியா சாக்கில் சுற்றி, உர மூட்டைகளுக்குப் பின்னால் கிடந்தது. அதை யாரும் அழகு பார்த்ததில்லை.

துப்பாக்கிக் கடையில் வேலை என்று சொன்னால் ஊரில் நம்புவதில்லை. "ஏல, ராணுவத்துலயா சேந்துட்ட?" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை. இது வேட்டைச் சாமான் விற்கும் கடை. முன்பக்கம் கூடாரம், தூண்டில், வல்லூறுக்கு மாட்டும் தோல் தொப்பி, பாலைவனத்தில் டீ போடும் அடுப்பு. பின்பக்கம், இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் துப்பாக்கிகள். லைசென்ஸ் உள்ள உள்ளூர்க்காரர்கள் மட்டும் வருவார்கள். நான் முதலில் இந்த நாட்டுக்கு வந்தது வேறொரு சாமான் கடைக்கு ஹெல்பராக. அந்த விசா முடியும் நேரத்தில் இந்தக் கடையின் சிரியாக்கார மேனேஜர், துப்பாக்கி பற்றி ஏதாவது தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. எதைவிட்டு ஓடிவந்தேனோ அதன் வாசலிலேயே போய் வேலை கேட்டு நின்றிருக்கிறேன். புண்ணை விரல் தானாகப் போய்த் தொட்டுப் பார்க்கும் இல்லையா, அப்படித்தான் போயிருக்கிறேன்.

போன வருடம் வெயில் இறங்கத் தொடங்கிய நாட்களில் அபூ சயீஃப் வந்தார். அறுபதைத் தாண்டிய மனிதர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மெதுவாகப் பேசுகிறவர். கஹ்வா குடித்து முடித்ததும் மேசைக்குக் குறுக்கே குனிந்து, குரலைத் தாழ்த்தி, "கன்ஸீர்" என்றார். பன்றி. இந்த நாட்டில் காட்டுப்பன்றி கிடையாது. பெரிய சூப்பர் மார்க்கெட்டில்கூட அந்த இறைச்சியைத் தனி அறையில், கதவுக்கு அப்பால்தான் வைத்திருப்பார்கள். நம் ஊரில் கெட்ட வார்த்தை சொல்ல நேர்ந்தால் அக்கம்பக்கம் பார்ப்போமே, அப்படி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அதைச் சொன்னார். விஷயம் இதுதான். துருக்கியில், கருங்கடல் பக்கத்து மலையில் ஒரு வீடும் கொஞ்சம் நிலமும் வாங்கியிருக்கிறார். மக்காச்சோளம் போட்டிருக்கிறார். பன்றி வந்து அத்தனையையும் உழுதுவிட்டுப் போகிறது. தின்பதற்கல்ல, பயிரைக் காப்பாற்றத்தான் சுட வேண்டும். அனுமதிக் காகிதங்கள் எல்லாம் தயார். எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா என்று மட்டும் நான் சொல்ல வேண்டும். கைபேசியில் படம் காட்டினார். பச்சை மலை, அதன் அடியில் சாய்ந்து மிதிபட்டுக் கிடந்த சோளத்தட்டை. நான் படத்தை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். பன்றி மூக்கால் கிளறிய மண் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

அதே வாரத்தில்தான் அக்காவின் போன். எனக்கு நேர் மூத்தவள் வள்ளி அக்கா. எங்கள் இருவருக்கும் மூத்தவர் சண்முகம் அண்ணன். அக்கா மகள் செல்விக்கு மாப்பிள்ளை அமைந்து, தையில் நாள் குறித்துவிட்டார்கள். "தம்பி, இப்பமே லீவு எழுதிக் குடுத்துருய்யா. நீ வந்துதான் மாமன் மால போடணும்" என்றாள். எங்கள் பக்கத்தில் கல்யாணப் பெண்ணை மணமேடைக்குக் கூட்டிவருவது தாய்மாமன். மூத்தவர் இருக்கும்போது இளையவன் அந்த இடத்தில் நிற்பது வழக்கமில்லை. "பெரிய அண்ணன் இருக்காரேக்கா" என்று இழுத்தேன். "அந்த ஆளப் பத்தி எங்கிட்டப் பேசாத. எம் புருசன் உசுர எடுத்த கையால எம் புள்ளைக்கு மாலையா? அவன் மண்டபத்து வாசல மிதிச்சான்னா, நான் கெளம்பி வெளிய போயிருவேன்" என்றாள். பிறகு குரல் குழைந்து, "எனக்குன்னு நீ ஒருத்தந்தான்ய்யா இருக்க. சாப்டியா?" என்று கேட்டாள். பதினோரு வருடமாக வாரம் தவறாமல் கேட்கிற கேள்வி அது. ஒவ்வொரு தடவையும் சாப்பிட்டதாகத்தான் சொல்லியிருக்கிறேன். அந்தக் கேள்விக்கு எனக்கு யோக்கியதை இல்லை என்பது எனக்கும் அண்ணனுக்கும் மட்டும்தான் தெரியும்.

அண்ணன் வைத்திருந்தது ஒற்றைக்குழல் துப்பாக்கி. பயிர்க் காவலுக்கு என்று அப்பா காலத்தில் லைசென்ஸ் வாங்கியது. பன்றியைக் கொல்லச் சட்டம் இடம் கொடுக்காது. ஆகவே சத்தம் காட்டி விரட்டுவதற்குத்தான் என்று பேர். மேற்கே மலையிலிருந்து இறங்கும் கூட்டம் ஒரே ராத்திரியில் முக்கால் ஏக்கரைச் சாய்த்துவிடும். அண்ணனிடம் இரண்டு வகைத் தோட்டாக்கள் இருந்தன. பெரும்பாலும் சன்ன ரவை, பொடிப் பொடிக் குண்டுகளை அடைத்தது. ஐம்பது அடிக்கு மேல் போனால் அதற்கு உயிர் இல்லை, பன்றித் தோலில் தட்டிவிட்டு விழும். பாய்ந்து வரும் ஒற்றைப் பன்றிக்கு என்று ஒற்றைக் குண்டுத் தோட்டா இரண்டு மட்டும் வைத்திருந்தார். பார்வைக்கு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். அதனால் குண்டு இருக்கும் இரண்டின் பித்தளை அடியிலும் அக்காவின் நகப்பூச்சை எடுத்து ஒவ்வொரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தார். சிவப்பு இருந்தால் தொடாதே என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பாடம். அந்த வருடம் ஆயுத பூஜைக்கு அரிவாள், மண்வெட்டி, மோட்டார், டிராக்டர், துப்பாக்கி எல்லாவற்றையும் கழுவி, பொட்டு வைத்து, பொரிகடலை படைத்தோம். பொட்டு வைக்கிற வேலை எனக்கு. துப்பாக்கிக்கு வைத்தாயிற்று, தோட்டாவை மட்டும் விடுவானேன் என்று பையை உதறி, எட்டுத் தோட்டாக்களையும் வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொன்றின் பித்தளை அடியிலும் சந்தனம் இட்டு அதன்மேல் அழுத்தி ஒரு குங்குமம் வைத்தேன். எனக்கு அப்போது இருபத்துநான்கு வயது. பக்தி இருந்த அளவுக்கு மூளை வேலை செய்யவில்லை.

மறுநாள் விடிந்தும் விடியாத நேரத்தில் கூட்டம் சோளத்துக்குள் நிற்பதாக ஆள் வந்து சொன்னான். அக்கா வீட்டு அத்தான் செல்லத்துரையும் இன்னும் மூன்று பேரும் கீழ்ப்பக்க வரப்பிலிருந்து தகரம் தட்டிக்கொண்டு வருவது, அண்ணனும் நானும் பக்கவாட்டு மேட்டில் நின்று ஒரு வெடி வைத்துக் கூட்டத்தை மலைப் பக்கம் திருப்பிவிடுவது என்று ஏற்பாடு. வழக்கமாகச் செய்வதுதான். பை என் தோளில். "ரவை ஒண்ணு எடுல" என்று அண்ணன் திரும்பாமலே கையை நீட்டினார். உள்ளே கைவிட்டு ஒன்றை எடுத்தேன். சிவப்பு. இன்னொன்றை எடுத்தேன். அதுவும் சிவப்பு. கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தேன், விரலும் சிவப்பாகிவிட்டது. "சீக்கிரம்ல, வந்துட்டு" என்றார் அண்ணன். சோளம் மடமடவென்று முறியும் சத்தம் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. எனக்கு அடையாளம் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். அரை நொடி போதும். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. ஒன்றைக் கொடுத்தேன். அண்ணன் முன்னால் வந்த பன்றியின் கால்மாட்டில் தாழ்த்திச் சுட்டார். ரவை என்றால் சோளத்திலேயே நின்றிருக்கும். அது நிற்கவில்லை. தகரச் சத்தம் நான்கில் ஒன்று குறைந்தது. அதை முதலில் கவனித்தது நான்தான்.

தென்காசி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அத்தான் போய்விட்டார். ஆஸ்பத்திரி வளாகத்தில், சைக்கிள் நிறுத்தத்துக்குப் பின்னால் அண்ணன் என்னைத் தள்ளிக்கொண்டு போனார். "தோட்டாவ பையிலேந்து எடுத்தது நான். நீ வரப்புல நின்ன, அம்புட்டுதான். மூணு வாரத்துல ஒனக்கு விசா. வாயத் தொறந்த, கொன்னுபுடுவேன்" என்றார். அந்தக் கடைசிச் சொல் தன் வாயிலிருந்து வந்ததைத் தானே கேட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அண்ணன் ஜெயிலுக்குப் போனார், நான் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினேன். அவர் வெளியே வந்தபோது அண்ணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டோடு போயிருந்தார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஒரு அரிசி மில்லில் காவலாக இருக்கிறார். அக்கா அவர் எதிரே வந்தால் தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவாள். எனக்கோ, லீவில் போனால் மீன்குழம்பும் வடையும் செய்து, தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து நான் தின்பதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு கவளம்கூட இயல்பாக உள்ளே இறங்கியதில்லை. ஆனாலும் தின்றேன். புலம்பெயர்ந்தவன் ஊரை நினைத்து ஏங்குகிறான் என்று எழுதுகிறார்கள். எனக்கு இந்தப் பாலைவனம் ஒளிந்துகொள்ளக் கிடைத்த இடம். இதைச் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

அபூ சயீஃப் இரண்டாம் முறை வந்தபோது துப்பாக்கியை முடிவு செய்தோம். பன்னிரண்டு போர் என்கிற குழல் அளவு, தானாக அடுத்த தோட்டா ஏறும் வகை. அதில் உதை குறைவு, அவர் வயதுத் தோளுக்கு நல்லது. பறவைக்குச் சுடும் நீளக்குழல் வேண்டாம், குட்டைக்குழல் போதும். குழலின் வாய் இறுகியிருக்கக் கூடாது, ஒற்றைக் குண்டுக்குத் திறந்த வாய்தான் சரி. நுனியில் ஒரு மணி மட்டும் வைத்தது போதாது, முன்னும் பின்னும் குறிபார்க்கும் வசதி வேண்டும், ஒற்றைக் குண்டு ரவை மாதிரி பரவி மன்னிக்காது. இவ்வளவுக்கும் தலையாட்டினார். தோட்டாவுக்கு வந்ததும்தான் சிக்கல். அவருக்கு எல்லாவற்றிலும் வலுவானது, எல்லாவற்றிலும் தூரம் போவது வேண்டும். அதற்கென்று உட்புறம் வரி போட்ட குழலும் அதில் மட்டும் சுடும் உறை போட்ட குண்டும் இருக்கின்றன, நூறு மீட்டருக்கு அப்பாலும் நேராகப் போகும். எப்படிச் சுடப் போகிறீர்கள் என்று கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரர்களும் மகன்மார்களும் கீழேயிருந்து தட்டிக்கொண்டு வருவார்கள், நான் மேலே நிற்பேன் என்றார். நான் அந்தப் பெட்டியை எடுத்து அலமாரிக்குள் திருப்பி வைத்தேன். "மாஃபி ஸார். யே நஹி" என்றேன். இது வேண்டாம், தூரம் போகாத வகை போதும்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். நெற்றியில் இருந்த திருநீற்றுக் கீற்றைப் பார்த்தார். ஏதோ புரிந்துவிட்டது போல, "தும் ஹிந்து? கன்ஸீர் பி தும்ஹாரா பகவான்?" என்று மிக மரியாதையாகக் கேட்டார். பன்றியையும் நாங்கள் கும்பிடுவோமோ, அதனால்தான் தோட்டா தர மறுக்கிறேனோ என்று அவருக்குச் சங்கடம். இல்லை, பன்றி பற்றி எனக்கு ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டி, "பீச்சே கோன் ஹை?" என்று கேட்டேன். பின்னால் யார்? அவர் சட்டென்று திரும்பித் தன் முதுகுக்குப் பின்னால் பார்த்தார். கூடார அடுப்புகள்தான் இருந்தன. வேறு நேரமாக இருந்தால் சிரித்திருப்பேன். மேசைமேல் ஒரு பேரீச்சங்கொட்டையை வைத்து இது பன்றி என்றேன். அதற்கு அப்பால் அவருடைய கஹ்வா கோப்பையை வைத்து, இது உங்கள் மகன் என்றேன். கொட்டையிலிருந்து கோப்பைவரை விரலால் கோடு இழுத்தேன். அவர் கோப்பையை எடுத்துத் தன் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, சுட்டுப் பார்த்து முடிவு செய்யலாம், நீயும் வா என்றார்.

சுடுதளம் ஊருக்கு வெளியே. குறி வைக்கும் பலகைக்குப் பின்னால் லாரி லாரியாகக் கொட்டிக் குவித்த மணல்மேடு, அதற்குப் பின்னால் மலை. அங்கே சுடுவதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. உலகத்தில் எல்லாச் சோளக்காட்டுக்கும் பின்னால் அப்படி ஒரு மேடு இருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். இரண்டு மூன்று வகைத் தோட்டாக்களைக் கொண்டுபோயிருந்தோம், ஒரு துப்பாக்கிக்கு ஒத்துவருவது இன்னொன்றுக்கு ஒத்துவராது என்பதால் சுட்டுத்தான் பார்க்க வேண்டும். அவர் திரும்பாமல் கையை நீட்டினார். அவ்வளவுதான். திரும்பாமல் நீட்டிய கை. பெட்டியைத் திறந்தேன். சிவப்பு பிளாஸ்டிக் தோட்டாக்கள் வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்தவன் கொடுக்க முடியாமல் நின்றேன். தோட்டா விரலிலிருந்து நழுவி, சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. அவர் திரும்பிப் பார்த்து, துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டு, உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

பதினோரு வருடம் தமிழில் ஒருவரிடமும் சொல்லாததை அரைகுறை அரபியிலும் ஓட்டை உருதுவிலும் அந்த மனிதரிடம் சொன்னேன். அக்கா. அக்காவின் கணவர். பன்றி. இதே மாதிரி சோளம். அண்ணன் ஜெயில். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, இறந்தவருக்கு இறைவன் கருணை காட்டட்டும் என்று சொல்லி, "உன் அண்ணன் போய் உன் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டாரா?" என்று கேட்டார். அவருக்கும் அண்ணன்தான் குற்றவாளி. ஊரே, கோர்ட்டே அப்படித்தான் புரிந்துகொண்டது, இவர் என்ன செய்வார். அப்படியே விட்டிருக்கலாம். "லா. அனா" என்றேன். இல்லை, நான். விரலால் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். கீழே கிடந்த தோட்டாவை எடுத்து, கொடுப்பதுபோல் கையை நீட்டிக் காட்டினேன். அவர் அந்தத் தோட்டாவை வாங்கிக்கொள்ளவில்லை. "உன் அக்காவுக்குத் தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். மிச்சத் தோட்டாக்களைத் தானே எடுத்துப் போட்டு, தானே சுட்டு, தானே பலகையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். திரும்பும் வழியில் காரில் ரேடியோ மட்டும் பேசிக்கொண்டு வந்தது.

மூன்றாம் முறை வந்தபோது அவர் என் மேசைக்கு வரவில்லை. நேராக மேனேஜரிடம் போனார். வெல்வெட்டை விரித்தது வேறொரு சேல்ஸ்மேன். பணம் கட்டி, காகிதத்தில் கையெழுத்துப் போட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவர் ஒருமுறை என் பக்கம் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார். அது சலாமா வேறெதுவுமா என்று தெரியவில்லை. பிறகு பில்லை எடுத்துப் பார்த்தேன். நான் சொன்ன அதே குட்டைக்குழல் துப்பாக்கி. துருக்கியில் போய் வாங்குவதற்கு மேனேஜர் எழுதிக் கொடுத்த தோட்டாவும் நான் சொன்ன வகைதான், தூரம் போகாதது. சோளத்தின் ஓரத்தில் மரத்தால் ஒரு பரண் கட்டி, மேலேயிருந்து மண்ணைப் பார்த்துச் சுடப் போவதாகவும், ஆட்களைக் காட்டுக்குள் இறக்கப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டுப் போனாராம். எனக்கு நிம்மதியாக இருந்தது. கூடவே, அவர் என் கையிலிருந்து எதையும் வாங்க விரும்பவில்லை என்பது நன்றாகவே வலித்தது. முன்பின் தெரியாத ஒரு மனிதர் அப்படி விலகினால், அக்கா என்ன செய்வாள் என்பதைக் கணக்குப் போடப் பெரிய அறிவு தேவையில்லை.

இருந்தாலும் அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் கூப்பிட்டேன். லீவு சாங்ஷன் ஆகிவிட்டதா என்று ஆசையாக எடுத்தாள். ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டு, நிறுத்தாமல், மூச்சு வாங்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். ஆயுத பூஜை, பை, குங்குமம், நகப்பூச்சு, நீட்டிய கை, ஆஸ்பத்திரி சைக்கிள் நிறுத்தம். அண்ணன் எனக்காகச் சொன்ன பொய்யையும் சொன்னேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது, அடங்கியது, மறுபடி அடித்தது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை. கடைசியில் அக்காவின் குரல் வந்தது. "அந்தச் செவப்பு... எம் பாட்டில்லேந்தா எடுத்தாவ?" என்று கேட்டாள். "ஆமக்கா" என்றேன். "கல்யாணத்துக்குப் பொறவு அவுக வாங்கிக் குடுத்தது அது" என்றாள். போன் வைக்கப்பட்டது. அந்த வாரமும் அதற்கடுத்த வாரங்களிலும் சாப்பிட்டாயா என்று கேட்க எனக்கு யாரும் இல்லை. அந்த அமைதிதான் எனக்கு நியாயமாக வர வேண்டியது என்று தெரிந்தும், வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மார்கழியில் செல்வி ஒரு குரல் செய்தி அனுப்பினாள். பக்கத்தில் யாருக்கும் கேட்காமல் மெதுவாகப் பேசியிருந்தாள். "மாமா, அம்மா நேத்து அரிசி மில்லுக்குப் போச்சு. பெரிய மாமா காலப் புடிச்சிட்டு ரோட்டுலயே உக்காந்து அழுதுச்சாம். மால பெரிய மாமாதான் போடுதாவ. நீங்க... நீங்க வர வேண்டாம்னு அம்மா சொல்லிட்டு மாமா. எங்கிட்டக் கோவப்படாதீங்க." அதை நான்கு தடவை கேட்டேன். அண்ணனுக்கு அவருடைய இடம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், அது பொய்யில்லை. பிறகு கழிப்பறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன், அதுவும் பொய்யில்லை. மேனேஜரிடம் லீவு வேண்டாம் என்று சொன்னதும், ஆச்சரியமாகப் பார்த்து, கல்யாணம் கலாஸா என்று கேட்டார். கல்யாணம் நின்றுவிட்டது என்று நினைத்துக்கொண்டு என் தோளைத் தட்டிக்கொடுத்தார். நான் திருத்தவில்லை. அண்ணனிடமிருந்து மட்டும் ஒரு வரி வந்தது: "எதுக்குல சொன்ன, கிறுக்குப் பயல."

கல்யாணத்தன்று காலை, முகூர்த்தம் ஊரில் ஒன்பது மணிக்கு, எங்களுக்கு ஏழரை. ரூமில் மற்ற இருவரும் டூட்டிக்குப் போய்விட்டார்கள். நான் குளித்துவிட்டு, போக மாட்டேன் என்று தெரிந்தே எடுத்துவைத்திருந்த வேட்டி சட்டையைக் கட்டிக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். ஏழு மணி சுமாருக்குப் போன் அடித்தது. அக்காவின் எண், வீடியோ. எடுத்தேன். பட்டுச்சேலையில் அக்கா. நெற்றி வெறுமையாக, கண்கள் வீங்கி. அவள் என்னைப் பார்த்தாள். நான் "அக்கா" என்றேன். பிறகு படம் ஆடியது. மண்டபத்துக் கூரை, டியூப்லைட், யாருடைய தோளோ, பூச்சரம். கடைசியில் போன் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகில் சாய்ந்து நின்றது. மணமேடை நேர் எதிரே தெரிந்தது. மாமன்மார் உட்காரும் முதல் வரிசை அது. அண்ணன் தலை முழுக்க நரைத்துப்போய், புது வேட்டியில், செல்விக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார். நாதஸ்வரச் சத்தத்தில் போன் ஒலிபெருக்கி கரகரத்தது. யாரோ ஒருவர் பெரிய உடம்போடு வந்து, என்னை மறைத்துக்கொண்டு, அந்த நாற்காலியில் உட்காரப் போனார். திரை இருண்டது. அப்போது பக்கத்திலிருந்து அக்காவின் குரல் கேட்டது.

"அதுல உக்காராதீங்க. ஆள் இருக்கு."

அவர் நகர்ந்தார், மேடை மறுபடி தெரிந்தது. நான் கட்டில் ஓரத்தில் சட்டையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.